துகள் இயற்பியல் சோதனையாளராக: பி.எஸ்சி. வகுப்பிலிருந்து முதல் வேலை வரை

உள்ளங்கையை வானம் பார்த்து விரித்து வையுங்கள். நொடிக்கு ஏறக்குறைய ஒரு மியூவான் அதைத் துளைத்துக்கொண்டு போகிறது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர் வளிமண்டலத்தின் உயரத்தில் மோதியதில் பிறந்த துகள் அது. கை, மேசை, தரை எல்லாவற்றையும் தாண்டிப் போய்விடும். நமக்கு ஒன்றும் தெரியாது. அது போனதைப் பதிவுசெய்யும் கருவியைச் செய்வதும், அந்தக் கருவி பொய் சொல்லவில்லை என்று நிரூபிப்பதும்தான் சோதனைத் துகள் இயற்பியலாளரின் வேலை. இதில் இரண்டாவதுதான் பெரும்பங்கு.

இயற்பியல் படிக்கும் பிள்ளைகள் பலர் என்னிடம் கேட்பது ஒரே கேள்வி: "ஹிக்ஸ் போசான் மாதிரி ஆராய்ச்சி செய்ய ஆசை, எங்கே தொடங்குவது?" ஹிக்ஸ் என்பது, துகள்களுக்கு நிறை வருவதை விளக்கும் கோட்பாடு முன்னறிவித்து, 2012-ல் கண்டுபிடிக்கப்பட்ட துகள். நான் படித்த சிறிய ஊர்க் கல்லூரியில் பிள்ளைகளின் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வேலையின் உள்ளமைப்பைப் பாருங்கள்

ஜெனீவா அருகே உள்ள ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னின் எல்.எச்.சி. என்ற துகள் முடுக்கி வளையம் 27 கி.மீ. சுற்றளவு கொண்டது. அதில் புரோட்டான் கொத்துகள் 25 நானோநொடிக்கு ஒருமுறை, அதாவது நொடிக்கு 4 கோடி முறை, எதிரெதிராகக் கடக்க முடியும். அவ்வளவையும் சேமிக்க எந்தக் கணினிக் கூடத்தாலும் ஆகாது. மோதல்களைப் பதிவுசெய்யும் பெரிய கருவிகளில் ஒன்றான சி.எம்.எஸ்.ஸில் 'ட்ரிக்கர்' என்ற அமைப்பு இரண்டு கட்டமாகச் சலிக்கிறது. முதல் கட்டம் மைக்ரோநொடிகளில் முடிவெடுத்து நொடிக்கு சுமார் 1 லட்சமாகக் குறைக்கும். அடுத்த கட்டம் அதைச் சில ஆயிரத்துக்குள் கொண்டுவரும். சலித்துத் தள்ளியது தள்ளியதுதான், திரும்பக் கிடைக்காது. அப்படியானால் சல்லடை சரியாக இருக்கிறதா என்று யாராவது தினமும் பார்க்க வேண்டுமே? அந்த யாரோ பெரும்பாலும் இரண்டாம் ஆண்டு, மூன்றாம் ஆண்டு ஆய்வு மாணவர்கள்தான்.

இங்கே தனி ஆளின் கண்டுபிடிப்பு என்று ஒன்று ஏறக்குறைய இல்லை. 2015-ல் சி.எம்.எஸ். குழுவும் அதே வளையத்தின் இன்னொரு கருவியான அட்லஸின் குழுவும் சேர்ந்து ஹிக்ஸின் நிறையை அளந்து வெளியிட்ட கட்டுரையில் 5 ஆயிரத்துக்கு மேற்பட்ட பெயர்கள். கட்டுரையின் 33 பக்கங்களில் 24 பக்கம் பெயர்ப்பட்டியலுக்கே போனது. பெயர்கள் அகரவரிசையில் வரும். அதிகம் உழைத்தவர் பெயர் முதலில் வராது. இதைக் கேட்டதும் மனம் சுருங்கினால், இந்தத் துறை உங்களுக்குப் பொருந்துமா என்று இப்போதே யோசியுங்கள். ஒரு கருவியின் ஒரு மூலை என் பொறுப்பு, அது சரியாக ஓடுகிறது என்ற நிறைவு போதும் என்றால் மேலே படியுங்கள். எனக்கு அது போதுமானதாக இருந்தது, இன்றும் இருக்கிறது.

கல்லூரியில் இருக்கும்போதே

குவாண்டம் இயக்கவியல், சிறப்புச் சார்பியல், மின்காந்தவியல் மூன்றும் பிசகாமல் வேண்டும். அதற்குப் பாடத்திட்டமே வழிவிடும். பாடத்திட்டம் சொல்லித்தராத மூன்றை நீங்களே தேடிக்கொள்ள வேண்டும்.

ஒன்று, கைவேலை. நம் கல்லூரி ஆய்வகங்களில் பழைய ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எண்களை எழுதும் பழக்கம் ஆழமாக ஊறியிருக்கிறது. இந்தத் துறைக்கு வர நினைப்பவர் அதை இன்றே நிறுத்த வேண்டும். நீங்கள் எடுத்த அளவு புத்தகத்தோடு பொருந்தவில்லை என்றால், ஏன் பொருந்தவில்லை என்று தேடிய அந்த ஒரு மணி நேரம்தான் உங்கள் முதல் பயிற்சி. சால்டரிங் பழகுங்கள். ஆசிலாஸ்கோப் முன்னால் உட்கார்ந்து எல்லாக் குமிழ்களையும் திருப்பிப் பாருங்கள். ஒரு துடிப்பின் வடிவத்தைப் பார்த்தே, இது சிக்னல், இது மின்கம்பியிலிருந்து வரும் இரைச்சல் என்று பிரித்தறியும் கண் மெதுவாகத்தான் வரும்.

இரண்டு, நிரல். பைத்தானில் தொடங்குங்கள், பிறகு சி பிளஸ் பிளஸ். செர்னில் 1990-களில் உருவான 'ரூட்' என்ற மென்பொருள் இன்றும் இந்தத் துறையின் அன்றாடக் கருவி, இலவசம். துகள் ஒரு பொருளுக்குள் நுழைந்தால் என்ன ஆகும் என்று கணித்துக் காட்டும் 'ஜியண்ட்-4'-உம் இலவசம்தான். பயிற்சிக்குத் தரவு வேண்டுமா? செர்ன் 2014 முதல் தன் உண்மையான தரவுகளில் ஒரு பகுதியைப் பொதுவில் வைத்திருக்கிறது. அதில் இரண்டு மியூவான் உள்ள நிகழ்வுகளை எடுத்து, அவற்றின் கூட்டு நிறையைக் கணக்கிட்டு வரைபடம் போடுங்கள். 3 ஜி.இ.வி. (துகளின் நிறையைச் சொல்லும் அலகு) அருகே ஜே/சை, 9.5 அருகே உப்சிலான், 91-ல் இசட் போசான் என்று ஒவ்வொரு துகளும் ஒரு முகடாக எழுந்து வரும். வீட்டு மடிக்கணினியில் அந்த முகடுகளை முதன்முறை பார்த்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

மூன்று, புள்ளியியல். இதைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். 2012 ஜூலை 4 அன்று ஹிக்ஸ் அறிவிப்பில் எல்லோர் வாயிலும் இருந்த 'ஐந்து சிக்மா' என்றால், புதுத் துகளே இல்லாமல் வெறும் தற்செயலால் வரைபடத்தில் அந்த அளவு மேடு தோன்ற ஏறக்குறைய 35 லட்சத்தில் ஒரு வாய்ப்பு என்று பொருள். "ஹிக்ஸ் இல்லாமலிருக்க 35 லட்சத்தில் ஒரு வாய்ப்பு" என்பது தவறு. இந்த இரண்டு வாக்கியங்களுக்கும் உள்ள வேறுபாட்டை வகுப்புத் தோழருக்குத் தெளிவாக விளக்க முடியும்வரை புள்ளியியலை விடாதீர்கள்.

நேரில் பார்க்க வேண்டிய இடங்கள் நம் மாநிலத்திலேயே உண்டு. ஊட்டியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் (இனி டாடா நிறுவனம்) காஸ்மிக் கதிர் ஆய்வகம் இருக்கிறது. அங்கே 'கிரேப்ஸ்-3' சோதனை நடக்கிறது. கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டர் உயரத்தில் துகள் பட்டால் ஒளிரும் சிண்டிலேட்டர் கருவிகளைப் பரப்பி, பக்கத்தில் 560 சதுர மீட்டர் மியூவான் தொலைநோக்கி ஒன்றையும் வைத்திருக்கிறார்கள். 2014 டிசம்பர் 1 அன்று வந்த இடிமேகம் ஒன்றுக்குள் சுமார் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை, மியூவான் எண்ணிக்கை குறைந்ததை வைத்தே கணக்கிட்டவர்கள் அவர்கள். மதுரையில் 85 டன் எடையுள்ள 'மினி ஐகால்' என்ற மாதிரிக் கருவி இருக்கிறது: காந்தமாக்கப்பட்ட இரும்புத் தகடுகள், நடுநடுவே துகளை உணரும் கண்ணாடிக் கருவிகள். துறைத் தலைவரின் கடிதத்தோடு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

கோடைக்காலத் திட்டங்களுக்கு விண்ணப்பியுங்கள். அறிவியல் அகாடமிகள் மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வு உதவித்தொகை, டாடா நிறுவனத்தின் வருகை மாணவர் திட்டம், செர்னின் கோடை மாணவர் திட்டம் ஆகியவை முக்கியமானவை. இவற்றுக்கெல்லாம் கோடைக்குப் பல மாதம் முன்பே கதவு மூடிவிடும். தேர்வு முடிந்ததும் பார்க்கலாம் என்று இருந்து ஒரு கோடையை நான் இழந்தேன்.

நுழைவுத் தேர்வுகள்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பி.எஸ்சி. முடித்து ஐ.ஐ.டி.களில் எம்.எஸ்சி. சேர 'ஜாம்'. முனைவர் பட்டத்துக்கு 'ஜெஸ்ட்', 'கேட்', சி.எஸ்.ஐ.ஆர். 'நெட்', டாடா நிறுவனத்தின் தனித் தேர்வு. பி.எஸ்சி.க்குப் பிறகு நேரடியாக ஒருங்கிணைந்த முனைவர் படிப்பில் சேரும் வழியும் சில நிறுவனங்களில் உண்டு. நெட்டில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றால், 2023-ல் உயர்த்தியபடி முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000 ரூபாய், வீட்டு வாடகைப்படி தனி. வீட்டில் "இன்னும் எத்தனை வருஷம் படிப்பாய்?" என்று கேட்கும் அம்மாவிடம் இந்த எண்களைச் சொல்லுங்கள். என் வீட்டில் பேச்சு அதன் பிறகுதான் சமாதானமானது.

நேர்முகத் தேர்வில் தேர்வாளர்கள் பெரிய கோட்பாடு கேட்பதைவிட, நீங்கள் செய்ததாக எழுதிய திட்டத்தைத்தான் தோண்டுவார்கள். "இந்த வரைபடத்தில் பிழைக்கோடு எப்படி வந்தது?" என்ற ஒரே கேள்வியில் செய்தவரும் செய்யாதவரும் பிரிந்துவிடுவார்கள்.

எந்தச் சோதனை, எந்த கைடு

இந்த முடிவுதான் அடுத்த ஆறேழு ஆண்டுகளைத் தீர்மானிக்கும். அவசரப்படாதீர்கள்.

இந்தியாவிலிருந்து போகக்கூடிய பாதைகள் பல. 2017 ஜனவரி முதல் இந்தியா செர்னின் இணை உறுப்பு நாடு. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே நம் குழுக்கள் அங்கே கருவி செய்து கொடுத்திருக்கின்றன. சி.எம்.எஸ்.ஸில் துகள்களின் ஆற்றலை அளக்கும் வெளி ஹேட்ரான் கலோரிமீட்டர் டாடா நிறுவனத்தின் கைவேலை. சென்னை ஐ.ஐ.டி.யில் சி.எம்.எஸ்., ஜப்பானின் சுகுபாவில் நடக்கும் பெல்-2 இரண்டுக்கும் ஆட்கள் உண்டு. கல்கத்தாவின் நிறுவனங்கள் செர்னின் ஆலிஸ் சோதனையில் வலுவானவை. அமெரிக்காவில் ஃபெர்மிலேப் ஆய்வகத்திலிருந்து 1,300 கி.மீ. தள்ளி, எதனோடும் அரிதாகவே மோதும் நியூட்ரினோ துகளைப் பிடிக்கப் போகும் 'டூன்' சோதனையிலும் இந்தியக் குழுக்கள் இருக்கின்றன.

பெயரின் பெருமையை வைத்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். நாட்காட்டியை வைத்துத் தேர்ந்தெடுங்கள். பெரிய சோதனைகளுக்கு ஓடும் காலம், நிறுத்திப் புதுப்பிக்கும் காலம் என்று உண்டு. எல்.எச்.சி. 2026-ல் நீண்ட நிறுத்தத்துக்குப் போய், 2030 வாக்கில் பல மடங்கு மோதல்களோடு திரும்பத் திட்டமிட்டிருக்கிறார்கள். இந்த இடைவெளியில் சேருபவருக்குப் புதுத் தரவு வராது. இருக்கும் தரவை ஆராயலாம், புதுக் கருவியைக் கட்டலாம். கருவி கட்டும் காலம் அடிக்கடி வாய்க்காது. எல்லாம் பூட்டி நூறு மீட்டர் ஆழத்தில் இறக்கிய பிறகு வருபவர், தான் ஆராயும் கருவியின் உள்ளே ஒரு நாளும் கையை வைத்திருக்க மாட்டார். அதனால் என் கருத்தில் இது சேரத் தகுந்த நேரம்தான்.

திட்டமே நின்றுபோகும் ஆபத்தும் உண்டு. 1965-ல் கோலார் தங்க வயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், 2 கி.மீ.க்கும் கீழே, காஸ்மிக் கதிர்கள் தந்த நியூட்ரினோவை உலகிலேயே முதலில் கண்டவர்களில் இந்திய விஞ்ஞானிகள் இருந்தார்கள். அந்தச் சுரங்கத்தில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். சுரங்கம் மூடியபோது சோதனைக்கும் இடமில்லாமல் போனது. அதன் வாரிசாகத் தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில், மதுரை மாதிரியின் முழு வடிவமான 50,000 டன் இரும்புக் கருவியோடு நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மேற்குத் தொடர்ச்சி மலையின் காடு, நீர் பற்றிய கவலையில் எதிர்ப்பு வலுத்தது. வழக்குகள் நடந்தன. 2022-ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் அனுமதி தர இயலாது என்று தெரிவித்தது. அந்த மக்களின் அச்சத்தை நான் இளக்காரமாகப் பார்க்கவில்லை; அவர்களோடு தொடக்கத்திலேயே தமிழில் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். மாணவருக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு: பெரிய கருவி எழும்பினால்தான் முடியும் என்ற வகையில் ஆய்வேட்டை அமைக்காதீர்கள். அந்தத் திட்டத்துக்காகக் கண்ணாடிக் கருவி செய்யக் கற்றவர்களும் கணினியில் உருவகக் கணக்கீடு செய்தவர்களும் பட்டம் பெற்று, உலகின் பல சோதனைகளில் இன்று வேலை செய்கிறார்கள். கைத்தொழில் அவர்களோடு போனது.

கைடைப் பற்றி: அவருடைய கட்டுரை எண்ணிக்கையைப் பார்ப்பதில் பயன் இல்லை. ஆயிரக்கணக்கானவர்கள் கையெழுத்திடும் துறையில் எல்லோருக்கும் நூற்றுக்கணக்கில் இருக்கும். அவருடைய மாணவர்களைத் தனியாகச் சந்தித்து மூன்று கேளுங்கள். மாணவர்கள் எத்தனை ஆண்டில் முடித்தார்கள்? வாரத்தில் எத்தனை முறை உட்கார்ந்து பேசுவார்? சோதனையை நடத்தும் பன்னாட்டுக் கூட்டுக்குழுவின் கூட்டத்தில் மாணவரைப் பேச விடுவாரா, தானே பேசிவிடுவாரா? மூன்றாவது கேள்விக்கான பதில்தான் பிற்பாடு உங்களுக்கு வேலை வாங்கித் தரும். ஏனென்றால் பரிந்துரைக் கடிதம் எழுதப்போகும் வெளிநாட்டவர்கள் உங்கள் குரலை அங்கேதான் கேட்பார்கள்.

முனைவர் பட்ட ஆண்டுகள்

முதல் ஆண்டு பாடம். பிறகு கூட்டுக்குழுவின் கட்டுரைகளில் பெயர் சேரும் கையெழுத்துரிமை பெறப் பல மாத 'சேவை வேலை' செய்தாக வேண்டும்: அளவுத்திருத்தம், தரவின் தரம் பார்த்தல், மென்பொருள் பராமரிப்பு, ஷிஃப்ட். பலர் இதைத் தண்டனைபோல ஒப்பேற்றுகிறார்கள். நான் கருவியைப் புரிந்துகொண்டது இதில்தான்.

என் ஆய்வகத்தில் மின்தடைத் தகட்டுக் கருவிகள், அதாவது மேலே சொன்ன கண்ணாடிக் கருவிகள், செய்தோம். 3 மி.மீ. கண்ணாடி இரண்டு, நடுவே 2 மி.மீ. இடைவெளி, அந்த இடைவெளி மாறாமல் இருக்கப் பொத்தான் அளவில் தாங்கிகளை ஒட்டி, சுற்றிலும் பசையிட்டு மூடி, உள்ளே வாயுக் கலவையை ஓடவிட்டு, 10,000 வோல்ட் கொடுக்க வேண்டும். ஐப்பசி மழை தொடங்கியதும் ஒரு கருவியில் கசிவு மின்னோட்டம் ஏறத் தொடங்கியது. மின்வழங்கியைச் சந்தேகித்தேன், மாற்றினேன். கேபிளைச் சந்தேகித்தேன். நிரலைக்கூடச் சந்தேகித்தேன். ஒன்பதாம் நாள், மூத்த டெக்னீஷியன் அண்ணன் வந்து வாயுக் குழாயின் இணைப்பில் சோப்புத் தண்ணீர் தடவினார். சின்னக் குமிழி ஒன்று எழுந்தது. வெளியிலிருந்து ஈரம் உள்ளே போயிருக்கிறது. அன்றிலிருந்து, கணினியைத் திறக்கும் முன் கருவியிடம் போய் நிற்பது என் வழக்கம். கூடவே ஒன்று: டெக்னீஷியன்களிடம் மரியாதையாகக் கற்றுக்கொள்ளுங்கள். அவர்கள் அறிந்தது எந்தக் கட்டுரையிலும் இல்லை.

இதே பாடத்தை உலகமே ஒருமுறை படித்தது. 2011 செப்டம்பரில் ஓபேரா குழு, செர்னிலிருந்து 730 கி.மீ. தள்ளி இத்தாலியின் கிரான் சாஸோவுக்குப் போன நியூட்ரினோக்கள் ஒளியைவிட 60 நானோநொடி முந்தி வந்ததாக அறிவித்தது. அது பிழை என்று பிறகு தெரிந்தது. முக்கியக் காரணம் சரியாகச் செருகாத ஓர் ஒளியிழைக் கேபிள். தங்கள் பிழையைத் தாங்களே தேடிக் கண்டு வெளியிட்டார்கள். அதற்காக அவர்களை நான் மதிக்கிறேன்.

பிறகு உங்கள் சொந்தப் பகுப்பாய்வு. இங்கே கண்ணைக் கட்டிக்கொண்டு வேலை செய்யும் மரபு உண்டு. புதுத் துகள் தெரியக்கூடிய பகுதியை மறைத்துவைத்து, தேர்வு விதிகள், பின்னணிக் கணிப்பு, பிழை மதிப்பீடு எல்லாவற்றையும் முதலில் உறுதிசெய்ய வேண்டும். உள் விமரிசகர்கள் நூறு கேள்வி கேட்பார்கள். எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் கொடுத்த பிறகுதான் திரையை விலக்க அனுமதி. ஆராய்பவரின் ஆசை அளவீட்டைக் கெடுக்கும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு. 2015 டிசம்பரில் அட்லஸ், சி.எம்.எஸ். இரண்டிலும் 750 ஜி.இ.வி. அருகே ஒரு மேடு தெரிந்தது. கோட்பாட்டாளர்கள் நூற்றுக்கணக்கில் கட்டுரை எழுதினார்கள். 2016 ஆகஸ்டில் கூடுதல் தரவு வந்ததும் மேடு மறைந்தது. யாரும் தவறு செய்யவில்லை. தற்செயல் அப்படித்தான் இருக்கும். உங்கள் ஆய்வின் முடிவும் பெரும்பாலும் "இந்த எல்லைக்குள் ஒன்றும் இல்லை" என்பதாகவே இருக்கும். அது முழுமையான முடிவு. அடுத்து வருபவர் எங்கே தேட வேண்டாம் என்று அது சொல்கிறது.

பெயரை எப்படி எழுதுவது

சின்ன விஷயமாகத் தோன்றும், அல்ல. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்துதான். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர்க் கட்டத்தை ஒருவர் அப்பா பெயரால் நிரப்புவார், ஒருவர் வெறுமையாக விடுவார், ஒருவர் முன்னெழுத்தை விரிப்பார். கூட்டுக்குழுப் பட்டியலோ குடும்பப் பெயர் வரிசையில் ஓடும். என் முதல் இரண்டு ஆண்டுக் கட்டுரைகளில் நான் அப்பாவின் பெயரில் இருந்தேன். மாநாடுகளில் என்னை அப்பா பெயர் சொல்லி அழைத்தார்கள். பிறகு மாற்றியதில் கட்டுரைகள் இரண்டு ஆள்களின் கணக்கில் பிரிந்தன. முதல் கட்டுரைக்கு முன்பே ஒரு வடிவத்தை முடிவுசெய்து, கடவுச்சீட்டு, பட்டச் சான்றிதழ், கூட்டுக்குழுப் பதிவு மூன்றிலும் ஒன்றாக வையுங்கள். ஆய்வாளருக்குரிய தனி அடையாளமான ஆர்க்கிட் எண் எடுத்து, துறையின் 'இன்ஸ்பையர்' கட்டுரைத் தரவுத்தளத்தோடு இணைத்துவிடுங்கள். திருமணத்துக்குப் பின் பெயர் மாற்றச் சொல்லும் உறவினர்களிடம், தங்கைகளே, இதையே காரணமாகச் சொல்லுங்கள்.

முதல் வெளிநாட்டுப் பயணம்

செர்ன் வளாகம் சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் எல்லையின் மேல் கிடக்கிறது. மூன்று மாதத்துக்கு மேல் தங்குவதாக இருந்தால் விசா வேலையை மிக முன்கூட்டியே தொடங்குங்கள். ஜெனீவாவில் வாடகை கொடுக்க மாணவரால் முடியாது. பெரும்பாலோர் எல்லை தாண்டி பிரான்ஸின் சான்-ஜெனி பக்கம் தங்குவார்கள். ஜெனீவாவிலிருந்து 18-ஆம் எண் டிராம் செர்ன் வாசலில் வந்து முடியும். சி.எம்.எஸ். கருவியும் கட்டுப்பாட்டு அறையும் பிரான்ஸ் பக்கம் செஸ்ஸி கிராமத்தில் இருப்பதால், இரவு ஷிஃப்டுக்குப் போகப் பேருந்து இருக்காது. வண்டி வைத்திருக்கும் ஒருவரோடு முன்பே பேசி வையுங்கள். வளாகத்தில் 2004-ல் இந்தியா அளித்த நடராஜர் வெண்கலச் சிலை நிற்கிறது. வீட்டு நினைவு வரும் நாட்களில் நான் அங்கே போய் நிற்பேன்.

கூட்டங்களில் ஆங்கிலம் தயங்குகிறதே என்று கவலைப்பட வேண்டாம். அங்கே பேசுபவர்களில் பெரும்பாலோருக்கு அது இரண்டாம் மொழிதான். ஸ்லைடில் அச்சுகளுக்குப் பெயரும் அலகும் இருந்தால் பாதிக் கேள்வி குறையும்.

பட்டத்துக்குப் பிறகு

பட்டம் முடிந்ததும் 'போஸ்ட்டாக்' என்ற தற்காலிக ஆய்வுப் பணி. ஒவ்வொன்றும் இரண்டு மூன்று ஆண்டு. பெரும்பாலோர் இரண்டு செய்கிறார்கள். விண்ணப்பக் காலம் செப்டம்பர் முதல் டிசம்பர். அறிவிப்புகள் இன்ஸ்பையர் தளத்தில் வரும். இந்தியா இணை உறுப்பு நாடானதால் செர்னின் குறிப்பிட்ட காலப் பணிகளுக்கும் நம்மவர் விண்ணப்பிக்கலாம். மூன்று பரிந்துரைக் கடிதம் வேண்டும். அதில் ஒன்றாவது சொந்த நிறுவனத்துக்கு வெளியிலிருந்து.

நிரந்தரப் பணியிடங்கள் குறைவு. இதை மறைத்து ஆசை காட்டுவது பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். என்னோடு முடித்தவர்களில் பாதிக்கு மேல் தரவு அறிவியல், மருத்துவப் படக்கருவி, மென்பொருள் என்று போனார்கள், நன்றாக இருக்கிறார்கள். அவர்களைத் தோற்றவர்களாக நினைக்கும் பழக்கம் சில கைடுகளிடம் உண்டு. அதை நீங்கள் ஏற்காதீர்கள். முப்பத்திரண்டு வயதில் யோசிக்கத் தொடங்காமல், முதல் போஸ்ட்டாக்கின் நடுவிலேயே இரண்டு கதவுகளையும் திறந்து வையுங்கள். இந்தியா திரும்ப மத்திய அரசின் ராமானுஜன், இன்ஸ்பயர் ஆசிரியர் போன்ற உதவித்தொகைகள் உண்டு. வயது வரம்பும் காலக்கெடுவும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆசிரியர் பணிக்கான நேர்முகத்தில் ஒரு கேள்வி ஏறக்குறைய நிச்சயம்: "செர்ன் இல்லாமல், எங்கள் கல்லூரியில், குறைந்த பணத்தில் என்ன செய்வீர்கள்?" பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். என்னிடம் கேட்டபோது நான் இப்படிச் சொன்னேன்: இரண்டு சிண்டிலேட்டர் பலகை, அவற்றின் மங்கிய ஒளியை மின்துடிப்பாக்க இரண்டு ஒளிப்பெருக்கிக் குழாய், ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து இரண்டிலும் ஒரே நேரத்தில் துடிப்பு வந்தால் மட்டும் எண்ணும் ஒரு சுற்று. பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் அதை மொட்டை மாடியில் வைத்து, சாய்த்துச் சாய்த்து, கோணம் மாற மாற மியூவான் எண்ணிக்கை எப்படிக் குறைகிறது என்று அளப்பார்கள். மழைக்காலத்தில் காற்றழுத்தத்தோடு எண்ணிக்கை மாறுவதையும் எழுதி வைப்பார்கள். அந்தக் கருவி இப்போது எங்கள் துறையின் மாடியில் மூன்றாம் ஆண்டாக ஓடுகிறது. வரும் டிசம்பர் விடுமுறையில் மூன்றாவது பலகை சேர்க்கிறோம். சால்டரிங் தெரிந்த மாணவர் இருவர் தேவை.